தொண்ணூறு மில்லி

தண்ணீர் குடித்தால் தானாக வந்துவிடும் என்று எந்தப் புண்ணியவான் சொன்னானோ தெரியவில்லை. உல்யானா மூன்றாவது பாட்டிலையும் காலி செய்துவிட்டாள். வயிறு முட்டிக்கொண்டு நிற்கிறது, எழுந்து நடந்தால் உள்ளே குலுங்குகிறது, ஆனால் வரவேண்டியது மட்டும் வரமாட்டேன் என்கிறது. சமாரா நகரத்து ஐஸ் அரங்கத்தின் அடித்தளத்தில் ஜன்னலே இல்லாத ஓர் அறை. சுவரோரம் நாலு நாற்காலி, கண்ணாடிக் கதவு போட்ட ஒரு ஃபிரிட்ஜ், அதற்குள் மூடி திறக்காத பாட்டில்கள், ஒரு மேஜை, மேஜைக்கு அந்தப் பக்கம் கழுத்தில் அட்டை மாட்டிய ரிம்மா என்கிற அம்மாள். மேலே மெடல் வாங்கினவர்கள் எல்லாரும் கீழே இறங்கி வந்து, ஊக்கமருந்து சோதனைக்கு மூத்திரம் கொடுத்துவிட்டுத்தான் வீட்டைப் பார்க்கப் போக முடியும். தொண்ணூறு மில்லி. அரை டம்ளர் காபி அளவுகூட இருக்காது. இருபத்திரண்டு வயசுப் பெண், பதினெட்டு வருஷமாக ஐஸ் ஸ்கேட்டிங்கில் கிடந்து புரண்டவள், இன்றைக்கு மத்தியானம் நாலாயிரம் பேர் பார்க்க ஏழு தடவை காற்றில் எழும்பிச் சுற்றி இறங்கியவள், இந்த அரை டம்ளருக்கு முன்னால் ஒரு மணி நேரமாகத் தோற்றுக்கொண்டிருக்கிறாள். சுவரில் கடிகாரம் நாலு அடிக்க இருபது நிமிஷம் என்று காட்டுகிறது. நாலரைக்குப் பயிற்சியாளர் நெல்லி போரிசோவ்னா வந்துவிடுவாள். அதற்குள் முடித்தாக வேண்டும். அவள் வருவதற்குள் கோப்பையை நிரப்பி, படிவத்தை எழுதி, கையெழுத்துப் போட்டு, உறையில் போட்டு ஒட்டிவிட்டால் போதும், அப்புறம் ஒரு கவலையும் இல்லை. நாலாவது பாட்டிலை எடுக்கலாமா?

எடுத்தாள். மூடியைத் திருகும்போது ரிம்மா கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தாள். பார்த்தால் பார்க்கட்டும். பார்ப்பதற்குத்தானே அவளுக்கு வேலை கொடுத்திருக்கிறார்கள்! கழிப்பறைக்குள்ளும் கூடவே வந்து, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, எதிரே நின்று கண் கொட்டாமல் பார்ப்பாள். சட்டையை மார்புவரை தூக்கிக்கொள்ள வேண்டும், கால்சட்டையை முட்டிவரை இறக்கிக்கொள்ள வேண்டும், கை முழங்கைவரை வெறுமையாக இருக்க வேண்டும். முதல் தடவை பதினாலு வயசில் இப்படி நிற்கச் சொன்னபோது உல்யானா ஓவென்று அழுதேவிட்டாள். இப்போது அழுகை கிழுகை ஒன்றும் கிடையாது. ஒரு மணி நேரத்தில் இரண்டு தடவை போய் உட்கார்ந்து, ரிம்மாவின் செருப்பில் எத்தனை தையல் என்று எண்ணிவிட்டு, வெறுங்கோப்பையோடு திரும்பி வந்தாயிற்று. முதலாவதாக வந்த குட்டி, பதினைந்து வயசு, உள்ளே போனாள், இரண்டே நிமிஷத்தில் ததும்பத் ததும்பக் கோப்பையை ஏந்திக்கொண்டு வெளியே வந்தாள். "உல்யா அத்தை, நான் கிளம்பறேன்! நீங்க மெதுவா வாங்க," என்று கன்னத்தில் ஒரு முத்தம் வேறு. அத்தையாம். ஏழு வயசு வித்தியாசத்தில் அத்தை. கோபம் வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. அந்த விளையாட்டில் இருபத்திரண்டு என்றால் அத்தைதானே. உடை மாற்றும் அறையில் அந்தக் குட்டிகள் தங்கள் ரிப்பன்களையும் தலைக் கிளிப்புகளையும் இறைத்துவிட்டு ஓடும்போது ஒவ்வொன்றாகப் பொறுக்கி வைக்கிறவளும் இவள்தான். போன வருஷத்திலிருந்து இந்தப் பழக்கம். யாரும் சொல்லவில்லை, அவளாகவே குனிந்து பொறுக்க ஆரம்பித்துவிட்டாள். குனிந்தால் வலது இடுப்பில் சுருக்கென்று ஒன்று இழுக்கும். இன்றைக்கு இழுக்கவில்லை. இன்றைக்கு அங்கே ஒன்றுமே இல்லை. தொட்டுப் பார்த்தால் யாருடைய சதையையோ தொடுகிற மாதிரி இருக்கிறது. காலை ஒன்பது மணிக்குப் போட்ட ஊசி, சாயங்காலம்வரை நிற்கும் என்று அவள் ரகசியமாகப் பார்க்கிற அந்த டாக்டர் சொன்னார். சாயங்காலம் என்றால் எத்தனை மணி? நாலா, ஐந்தா? கேட்டிருக்க வேண்டும்.

ஊசி ஒன்றும் தப்பான ஊசி இல்லை. அதை முதலில் சொல்லிவிட வேண்டும், மனசுக்குள்ளேயே யாருக்கோ சொல்லிக்கொண்டாள். தடை செய்த மருந்துப் பட்டியலை இருபது தடவை பார்த்தாயிற்று, டாக்டரும் பார்த்தார், அதில் இல்லை. பல் பிடுங்கும்போது போடுகிறார்களே, அந்த ஜாதி. மரத்துப்போக வைக்கும், அவ்வளவுதான். திங்கட்கிழமை ஒன்று, வியாழக்கிழமை ஒன்று, இன்றைக்கு ஒன்று. படிவத்தில் ஒரு கட்டம் இருக்கிறது, கடந்த ஏழு நாளில் எடுத்துக்கொண்ட மருந்துகள் என்று. அதில் எழுதிவிட்டால் சோதனைக்காரர்கள் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார்கள். எழுதாமல் விட்டாலும் யாரும் தூக்கில் போடப்போவதில்லை. ஆனால் படிவத்தின் அடியில், மேலே சொன்னதெல்லாம் உண்மை என்று ஒரு வரி இருக்கிறது, அதற்குக் கீழே கையெழுத்துப் போட வேண்டும். பொய்க்குக் கீழே கையெழுத்துப் போடுகிற துணிச்சல் அவளுக்கு என்றைக்குமே கிடையாது. பள்ளிக்கூடத்தில் அம்மாவின் கையெழுத்தைப் போட்டுவிட்டு ராத்திரி முழுக்கக் காய்ச்சலில் கிடந்தவள் அவள். எழுதிவிட வேண்டியதுதான், ஆனால் நெல்லி போரிசோவ்னா பக்கத்தில் இல்லாதபோது எழுத வேண்டும். விளையாடுகிறவளோடு ஒருத்தர் துணைக்கு உட்காரலாம், உட்கார்ந்தால் அவரும் படித்துக் கையெழுத்துப் போட வேண்டும். உட்கார்ந்தே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை. பயிற்சியாளர்களை எல்லாம் மேலே நடுவர்கள் கூட்டத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், யாருக்கு எதில் எத்தனை புள்ளி குறைந்தது என்று சண்டை போட. கடவுளாகப் பார்த்து விட்ட ஐம்பது நிமிஷம் அது. அதில் இனி மிச்சம் நாற்பதோ முப்பதோ. நாலாவது பாட்டிலும் பாதி போய்விட்டது.

நெல்லி போரிசோவ்னாவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று யோசிக்கவே வேண்டாம், அது எல்லாருக்கும் தெரிந்த கதை. அப்பா பெயரையும் சேர்த்து நெல்லி போரிசோவ்னா என்று முழுசாகத்தான் சொல்ல வேண்டும், அங்கே மரியாதை அப்படி. பன்னிரண்டு வருஷத்தில் வெறும் நெல்லி என்று வாய் தவறிக்கூட வந்ததில்லை. அவளிடம் ஒரே ஒரு சட்டம்தான். எடை கூடினால் திட்டுவாள், அவ்வளவுதான். தூங்கிவிட்டு நேரம் கழித்து வந்தால் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசமாட்டாள், அப்புறம் சரியாகிவிடும். வலிக்கு மாத்திரை, பொடி எது வேண்டுமானாலும் சாப்பிட்டுக்கொள். மரத்துப்போன காலோடு மட்டும் அவளுடைய ஐஸில் கால் வைக்கக்கூடாது. உல்யானா சேருவதற்கு முன்னால் ஸ்னெஷானா என்று ஒருத்தி இருந்தாளாம். கணுக்காலில் ஊசி போட்டுக்கொண்டு தேசியப் போட்டியில் இறங்கியிருக்கிறாள், முதல் தாவலிலேயே எலும்பில் விரிசல் விட்டுவிட்டது, அவளுக்குத் தெரியவேயில்லை, சிரித்துக்கொண்டே அதே காலில் இன்னும் ஐந்து தடவை இறங்கியிருக்கிறாள். இப்போது மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குகிறாள் என்று சொல்வார்கள். அந்த ஊசிக்கு அன்றைக்குச் சரி என்று தலையாட்டியவள் நெல்லி போரிசோவ்னாதான். அதைச் சொன்னதும் வேறு யாரும் இல்லை, அவளேதான் சொன்னாள், புதிதாகச் சேருகிற ஒவ்வொரு பெண்ணிடமும் முதல் நாளே சொல்லிவிடுவாள், ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல். ஆகவே தெரிந்தால் செல்யாபின்ஸ்க் கிடையாது. டிசம்பரில் செல்யாபின்ஸ்கில் தேசியப் போட்டி, இன்றைக்கு மூன்றாவது வந்ததால் கிடைத்த இடம், நாலு வருஷத்துக்கு அப்புறம் கிடைத்த இடம், அடுத்த வருஷம் நிச்சயமாகக் கிடைக்காத இடம். அம்மா வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். செரெபொவெத்ஸில் ரொட்டித் தொழிற்சாலையில் லீவு கூடச் சொல்லிவிட்டாள். மகள் தாவும்போது அம்மா அரங்கத்தில் இருந்து பார்த்து ஒன்பது வருஷம் ஆகிறது. பயமாம். டிவியில் கூட, முடிந்ததும் பக்கத்து வீட்டுக்காரி வந்து விழவில்லை என்று சொன்னால்தான் சமையலறையிலிருந்து வெளியே வருவாள். கடைசித் தடவையாவது நேரில் பார்த்துவிடுகிறேன் என்று போனில் சொன்னாள். கடைசி என்ற வார்த்தையை இருவருமே கேட்காத மாதிரி வேறு பேச்சுக்குப் போய்விட்டார்கள்.

ஒன்பது வருஷம். பதின்மூன்று வயசில் அவள் ஐஸில் இருந்தபோது, காற்றில் மூன்று சுற்று சுற்றுவது மூச்சுவிடுகிற மாதிரி. யோசித்ததே இல்லை. இடது காலின் நுனியைக் குத்தினால் உடம்பு மேலே போகும், சுற்றும், வலது கால் தானாக வந்து ஐஸைப் பிடித்துக்கொள்ளும். பதினைந்தில் ஜூனியர் வெண்கலம், பத்திரிகையில் போட்டோ, அம்மாவின் தொழிற்சாலையில் அவள் பேரெழுதி ஒரு கேக். அதற்கு அடுத்த வருஷம் ஒன்பது சென்டிமீட்டர் வளர்ந்தாள். வாசற்படி நிலையில் அம்மா பென்சிலால் போட்ட கோட்டைப் பார்த்து அம்மாவே அழுதாள், வேறு வீட்டில் பிள்ளை வளர்ந்தால் சந்தோஷப்படுவார்கள். அப்புறம் தாவல்கள் ஒவ்வொன்றாகப் போயின, வாடகைக்கு இருந்தவர்கள் சொல்லாமல் கொள்ளாமல் காலி பண்ணிக்கொண்டு போகிற மாதிரி. ஒன்பதாவது, பதினொன்றாவது, ஏழாவது. நிறுத்திவிடு என்று யாரும் சொல்லவில்லை. நெல்லி போரிசோவ்னா மட்டும் ஒரு நாள் தேநீர் குடிக்கும்போது, "உனக்கு வேற என்ன பிடிக்கும், உல்யா?" என்று கேட்டாள். இரண்டு நாள் யோசித்துவிட்டு, "தெரியலை, நெல்லி போரிசோவ்னா," என்றாள். "சரி, அப்ப லுட்ஸைத் தாவு," என்று அவளும் விட்டுவிட்டாள். லுட்ஸ் தாவல்களிலேயே முரட்டு ரகம், வருகிற திசைக்கு எதிர்த் திசையில் சுற்ற வேண்டும். அதில் இறங்க இறங்கத்தான் இடுப்பு ஆகஸ்ட் மாசம் பேச ஆரம்பித்தது. முதலில் முனகல். செப்டம்பரில் படுக்கையில் திரும்பிப் படுக்க முடியவில்லை. அக்டோபரில் அந்த டாக்டர்.

இப்போது ஒரு மாதிரி இருந்தது. வருகிறதா? வருகிற மாதிரிதான் இருக்கிறது. "வருது," என்று எழுந்தாள். ரிம்மா கையுறையை மாட்டிக்கொண்டு கூடவே வந்தாள். வந்துவிட்டது! சும்மா சொல்லக்கூடாது, குழாயைத் திறந்துவிட்ட மாதிரி, நிற்கவே இல்லை. தொண்ணூறு கோட்டைத் தாண்டி நூறு, நூற்றிருபது. கடிகாரம் நாலே கால். உல்யானா இரண்டு கையாலும் கோப்பையைப் பிடித்துக்கொண்டு மேஜைக்கு வந்தாள், உதடு தன்னால் விரிந்தது, படிவம் எங்கே, பேனா எங்கே என்று கண் தேடியது. ரிம்மா ஒரு சின்னக் கருவியில் இரண்டு சொட்டு விட்டாள். பார்த்தாள். இன்னொரு தடவை விட்டுப் பார்த்தாள். "தண்ணியாட்டம் இருக்கும்மா," என்றாள், "இது செல்லாது. இன்னொண்ணு கொடுக்கணும். இனிமே பாட்டிலைத் தொடாதே." அட கடவுளே. தெரியாத விஷயமா இது? பதினாலு வயசிலிருந்து தெரியும். அவசரப்பட்டு நிறையக் குடித்தால் நீர்த்துப்போகும், அவர்கள் அதை ஏற்கமாட்டார்கள், ஒரு பாட்டிலோடு நிறுத்திவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். சின்னப் பெண்களுக்கு அவளே சொல்லிக்கொடுத்த பாடம். தப்பித்து ஓடலாம் என்று குடித்த தண்ணீரே அவளை நாற்காலியில் பிடித்து உட்கார வைத்துவிட்டது. "பரவாயில்லை, வரும்," என்றாள் ரிம்மா. "எங்க வீட்டுக்காரர் ஆறு மணிக்குத்தான் என்னைக் கூட்டிட்டுப் போக வருவார். நமக்கு என்ன அவசரம்?"

என்ன அவசரம். உல்யானா நாற்காலியில் சாய்ந்தாள். மேலே ஐஸைச் சமப்படுத்துகிற வண்டி ஓடுகிற சத்தம் கூரை வழியாக இறங்கிவந்தது. அந்தச் சத்தம் எப்போதுமே அவளுக்குத் தூக்கம் வரவழைக்கும். இப்போது ஐஸ் சூடான தண்ணீரில் மினுமினுத்துக்கொண்டிருக்கும், இவள் போட்ட கீறல் ஒன்றுகூட இருக்காது. இன்றைக்கு என்ன செய்தோம் என்று நினைத்துப் பார்த்தாள். இசை ஞாபகம் இருக்கிறது. கூட்டம் எழுந்து நின்றது ஞாபகம் இருக்கிறது. யாரோ வீசிய பஞ்சு முயல் முகத்தில் வந்து விழுந்ததுகூட இருக்கிறது. லுட்ஸில் இறங்கியது ஞாபகம் இல்லை. நாலு வருஷத்தில் முதல் தடவையாகச் சுத்தமாக இறங்கிய லுட்ஸ், அது அவளுக்கு ஞாபகம் இல்லை! ஐஸைத் தொட்ட அந்தக் கணம், வலது பாதத்தின் வெளி ஓரம் கரகரவென்று கடித்துக்கொண்டு பின்னால் வழுக்கும் சுகம் இருக்கிறதே, அதற்காகத்தானே நாலு வயசிலிருந்து விடியற்காலையில் எழுந்தது, அது காலில் தொடங்கி இடுப்பு வழியாக உச்சந்தலைக்கு ஏறும். இன்றைக்கு அது இடுப்புக்கு வரவில்லை. நடுவிலேயே நின்றுவிட்டது. கைதட்டலைக் கேட்டுத்தான் விழவில்லை என்று தெரிந்துகொண்டாள், பக்கத்து வீட்டுக்காரி சொல்லித் தெரிந்துகொள்கிற அம்மாவைப் போல. எலும்பில் விரிசல் விட்டிருந்தால்? இப்போதே விரிசல் விட்டிருந்தால், இந்த நாற்காலியில், ஒன்றும் தெரியாமல்? விரலால் இடுப்பை அழுத்தினாள். எங்கோ தூரத்தில், கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ தட்டுகிற மாதிரி மெல்ல ஒன்று இருந்தது. ஊசி இறங்க ஆரம்பித்துவிட்டது.

நாலு முப்பத்தைந்துக்கு நெல்லி போரிசோவ்னா வந்தாள். ஐம்பத்தெட்டு வயசு, குட்டை, மேலே குளிர்காலக் கோட்டு, காலில் செருப்பு. "இன்னும் இல்லையா? ரெண்டாவதா வந்தவ ரயிலே ஏறியிருப்பா. பைத்தியம், தண்ணியை மொடக்கு மொடக்குன்னு குடிச்சியா?" என்று பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, உல்யானாவின் ஜாக்கெட் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டாள். திட்டும்போது கை ஏதாவது செய்துகொண்டிருக்கும் அவளுக்கு. "நடுவர்கள் லுட்ஸுக்கு என்ன கொடுத்தாங்க தெரியுமா? ஒருத்தன்கூடக் குறைக்கலை. நான் ஐஸ் ஓரத்துல அழுதேன், நீ பார்த்திருக்கமாட்டே. ஏன் இப்படி முழிக்கிறே?" ஒன்றுமில்லை என்று தலையாட்டினாள். அழுதாளா! யாருக்காக அழுதாள்? இறங்கியது இவள் இல்லையே. சொல்லிவிடலாமா? சொன்னால் அம்மாவுக்குப் போன் பண்ண வேண்டும், லீவை வேண்டாம் என்று சொல்லிவிடு என்று சொல்ல வேண்டும், அம்மா சரி என்பாள், அந்தச் சரிக்குள் ஒரு நிம்மதி இருக்கும், அந்த நிம்மதியைக் கேட்க வேண்டும். அதற்கப்புறம் ஜனவரி. ஜனவரியில் காலை ஆறு மணிக்கு என்ன செய்வார்கள் மற்ற மனிதர்கள்? தூங்குவார்களாயிருக்கும். கட்டத்தைக் காலியாக விட்டால் நாலு வாரம் இருக்கிறது, இன்னும் நாலு ஊசி, நாலு நிமிஷம் ஐஸில், அம்மா மூன்றாவது வரிசையில். அந்த நாலு நிமிஷத்திலும் கால் இருக்காது.

ஐந்து மணிக்கு மறுபடி போனாள். தொண்ணூற்றைந்து. ரிம்மா சொட்டு விட்டுப் பார்த்து, "நல்லா இருக்கு," என்று சமையலைப் பாராட்டுகிற மாதிரி சொன்னாள். இரண்டு கண்ணாடிக் குப்பிகளில் உல்யானாவே ஊற்றி, அவளே மூடியைத் திருகி, கவிழ்த்துக் காட்டினாள். படிவம் முன்னால் வந்தது. நெல்லி போரிசோவ்னா போனில் யாரிடமோ ரயில் நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். பெயர், பிறந்த தேதி, பயிற்சியாளர். கட்டம். பொடியின் பெயரை எழுதினாள், விட்டமினை எழுதினாள். பேனா நின்றது. பிறகு சின்னச் சின்ன எழுத்தில், யாருக்கோ ஒளித்து எழுதுகிற மாதிரி, ஊசியின் பெயரையும் எழுதி, வலது இடுப்பு, மூன்று தடவை என்று முடித்தாள். கையெழுத்துப் போட்டாள். படிவம் பயிற்சியாளர் பக்கம் போயிற்று. படிக்கட்டும், படித்துவிட்டுக் கத்தட்டும், முடிந்தது. நெல்லி போரிசோவ்னா காகிதத்தை ஒரு முழம் தள்ளிப் பிடித்தாள், கிட்டே கொண்டுவந்தாள், கோட்டுப் பையைத் தடவினாள். "கண்ணாடியைக் கூட்டத்துலயே விட்டுட்டு வந்திருக்கேன் போல. எறும்பு ஊர்ற மாதிரி எழுதியிருக்கே. நீயே படிச்சுச் சொல்லு, எதுக்குக் கீழே கையெழுத்துப் போடறோம்னு தெரியணும்."

உல்யானா படிவத்தை வாங்கிக்கொண்டாள். காகிதத்தில் உண்மை இருக்கிறது, அவள் கையெழுத்தும் இருக்கிறது, அவள் பொய் சொன்னதாக உலகத்தில் எவரும் சொல்ல முடியாது. ஒரே ஒரு வரியைத் தாண்டிப் படித்தால் போதும். செல்யாபின்ஸ்க். மூன்றாவது வரிசை. ரிம்மாவுக்கு எதைப் படித்தாலும் எதை விட்டாலும் ஒன்றுதான், குப்பிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருக்கிறாள். பெயரைப் படித்தாள். தேதியைப் படித்தாள். பொடி, விட்டமின். "அப்புறம்?" என்றாள் நெல்லி போரிசோவ்னா, பேனா மூடியைக் கழற்றியபடி. அப்புறம் கையெழுத்து என்று சொல்லலாம். சொல்வதற்கு வாயைத் திறந்தாள். திறந்த வாயில் ஊசியின் பெயர் வந்தது, வலது இடுப்பு வந்தது, மூன்று தடவை வந்தது, கடைசி ஊசி இன்றைக்குக் காலையில் என்று காகிதத்தில் இல்லாததும் சேர்ந்து வந்தது.

மேலே வண்டி நின்றுவிட்டிருந்தது. நெல்லி போரிசோவ்னா படிவத்தை வாங்கி, ரிம்மா விரல் வைத்துக் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டு, பேனாவை மூடி மேஜையில் வைத்தாள். "லுட்ஸ்ல இறங்கினப்போ உனக்கு என்ன தெரிஞ்சுது?" என்று கேட்டாள். குரலில் கோபம் இல்லை, அதுதான் பயமாக இருந்தது. "ஒண்ணும் தெரியலை, நெல்லி போரிசோவ்னா." "ஒண்ணும்?" "கைதட்டினாங்க. அதை வச்சுத்தான்." நெல்லி போரிசோவ்னா முகத்தை ஒரு தடவை உள்ளங்கையால் அழுத்தித் துடைத்துக்கொண்டாள். "செல்யாபின்ஸ்க் இல்லை," என்றாள். "தெரியும்." "நாளைக்கு ஊர் போய்ச் சேர்ந்ததும் நேரா எக்ஸ்ரே. நான் கூட வரேன்." ஸ்கேட்ஸ் வைத்த சக்கரப் பெட்டியை உல்யானாவின் கையிலிருந்து பிடுங்கித் தன் பக்கம் வைத்துக்கொண்டாள், பன்னிரண்டு வருஷத்தில் ஒரு நாளும் தொட்டதில்லை அதை, உன் சாமான் உன் பொறுப்பு என்பவள். ரிம்மா வெளியே போகிற கதவைத் திறந்துவிட்டாள். உல்யானா எழுந்து இரண்டடி வைத்தாள். ஊசி முழுசாக இறங்கிவிட்டிருந்தது. இடுப்பிலிருந்து தொடைவரை சூடாக ஒன்று பாய்ந்து, கால் அவளுடையதாக ஆயிற்று. "வலிக்குதா?" என்றாள் நெல்லி போரிசோவ்னா. ஐஸில் விழுந்து எழுந்த ஆயிரம் தடவையும் இதே கேள்விக்கு ஒரே பதில்தான் சொல்லியிருக்கிறாள், அந்த இல்லை என்கிற வார்த்தை இப்போதும் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதை விழுங்கிவிட்டுக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "வலிக்குது," என்றாள்.